ஜூன் முப்பத்தொன்று

அத்தியாயம் ஒன்பது

தம்மைப் பாராட்டி எவர் எழுதினாலும் பாண்டுரங்கன் அதை இருமுறை படிப்பார். முதல் முறை அவசரமாக. இரண்டாம் முறை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக. வெள்ளிக்கிழமை காலை, விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த தம் துப்பறியும் அலுவலகத்தில் அமர்ந்து, அவர் அந்த இரண்டாம் முறையைத் தொடங்கியிருந்தார்.

கைப்பேசித் திரையில் முந்தைய நாள் எடுத்த ஒரு புகைப்படம். காமிக்ஸ் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் சுப்பராயலு, ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்தை இரு கைகளாலும் ஏந்தி நின்றார். அவருக்குப் பக்கத்தில் பாண்டுரங்கன், தாடையைச் சற்றே உயர்த்தி. ‘உலகில் ஒன்றே ஒன்று! அதை மீட்டுத் தந்த மேதைக்கு நன்றி’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே இருபத்து மூன்று பேர் கைகூப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது, ‘எப்படி மீட்டார், யாரிடமிருந்து மீட்டார், அது உண்மைதானா’ என்று கேட்டிருக்கவில்லை. ஆராயாமல் கைகூப்புவது இப்போதெல்லாம் ஒரு நோயாகவே பரவியிருக்கிறது.

“சார், அந்தப் போட்டோவ இன்னும் எத்தினி வாட்டி பாப்பீங்க? பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு வீட்டம்மாவக்கூட இவ்ளோ நேரம் பாத்திருக்க மாட்டீங்க.”

சொன்னவள் பிரபாவதி, அவருடைய உதவியாளர். பன்னிரண்டு ஆண்டுகள் தாலுகா அலுவலக வாசலில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவள். எவர் எதைச் சொன்னாலும் அதில் எந்த வரி இடிக்கிறது என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது.

“வெற்றியைக் கொஞ்ச நேரம் அனுபவிக்க விடும்மா” என்றார் பாண்டுரங்கன்.

“அனுபவிங்க. அதுக்குள்ள இதையும் ஒரு பார்வ பாத்துடுங்க. காலைல நீங்க வர்றதுக்கு முந்தி ஒருத்தரு வந்து மேசமேல வெச்சிட்டு, ஒண்ணும் பேசாம போயிட்டாரு.”

அவள் நீட்டியது ஒரு பழைய குறுக்கெழுத்து மாத இதழ். ஓரங்களில் எலி கடித்தாற்போல நான்கு வெட்டுகள். அட்டையின் மூலையில் ஊதா நிற முத்திரை ஒன்று இருந்தது. அதைப் படித்த மாத்திரத்தில் பாண்டுரங்கனின் உயர்ந்த தாடை தானாகவே இறங்கியது.

‘மாசிலாமணி நியூஸ் ஏஜென்சி, திண்டிவனம். 31 ஜூன் 1985.’

“உலகத்துலயே ஒண்ணுதான்னு சொன்னீங்க” என்றாள் பிரபாவதி. “இது யாரு சார், அதோட தங்கச்சியா?”

பாண்டுரங்கன் முத்திரையை மீண்டும் ஒருமுறை படித்தார். அவருடைய வழக்கு முழுவதும் அந்த ஒரு தேதியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கதைக்குக் கொடுக்கும் மதிப்பைவிட அட்டையில் விழுந்த முத்திரைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பார்கள். வெளியூரிலிருந்து புத்தகக் கட்டு வந்து இறங்கியதும், விற்பனை ஏஜெண்டு தம் பெயரையும் ஊரையும் தேதியையும் ஒவ்வொரு பிரதியிலும் ரப்பர் முத்திரையாகக் குத்துவார். எந்த ஊருக்கு எந்த நாளில் வந்த புத்தகம் என்பதற்கு அதுவே பிறப்புச் சான்று. சுப்பராயலுவிடம் ‘வெள்ளிக் கழுகு’ என்னும் காமிக்ஸின் முதல் இதழ் இருந்தது. அதன் முத்திரை ஜூன் முப்பத்தொன்று என்றது. ஜூனுக்கு முப்பது நாள்தான். நாட்காட்டியிலேயே இல்லாத தேதி விழுந்த ஒரே ‘வெள்ளிக் கழுகு’ தம்முடையதுதான் என்று முப்பது ஆண்டுகளாக அவர் மேடைதோறும் சொல்லிவந்தார்.

செவ்வாய்க்கிழமை இரவு அது காணாமற்போய்விட்டதாகப் பாண்டுரங்கனை அழைத்தார். புதன்கிழமை காலை, சங்க உறுப்பினர்கள் எட்டுப் பேர் பார்த்திருக்க, சுப்பராயலுவின் வீட்டு வாசலில் பாண்டுரங்கன் பைகளைச் சோதித்தார். அந்த வீட்டில் மூன்று மாதமாகச் சேகரிப்பின் பட்டியலைக் கணினியில் தட்டச்சு செய்துவந்த அமலா என்னும் பெண்ணின் பையில் ‘வெள்ளிக் கழுகு’ இருந்தது. அதே தேதி, அதே முத்திரை.

“இது எங்கப்பாவோடது சார். ஐயாதான் பாக்கணும், கொண்டான்னு சொன்னாரு” என்றாள் அவள். அப்படிச் சொல்லவே இல்லை என்றார் சுப்பராயலு.

“உங்கப்பாவுக்கு என்ன தொழில்?”

“அப்ப மூட்ட தூக்கினு இருந்தாரு சார். இப்ப கரும்பு வெட்டப் போறாரு.”

“மூட்டை தூக்கினவர் வீட்டுக்குக் காமிக்ஸ் எப்படியம்மா வரும்?” என்று கேட்டார் பாண்டுரங்கன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு அப்போது இனித்தது. அதன் பிறகுதான் ‘திருடி’ என்னும் சொல்லையும் அவர் சொன்னார்.

சுப்பராயலு பெருந்தன்மை காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அதே எட்டுப் பேர் முன்னிலையில், திருடியதை ஒப்புக்கொண்டு அமலா கையெழுத்திட்டால் காவல் நிலையத்துக்குப் போவதில்லை, இல்லையேல் புகார். அமலாவோ அங்கன்வாடிப் பணிக்கான நேர்காணல் முடித்து ஆணைக்காகக் காத்திருந்தவள். திருட்டு வழக்கு ஒன்று பதிவானால் அந்த வேலை அவளுக்கு இல்லை. கையெழுத்துக்கான ஒப்புதல் கடிதத்தைப் பிழையற்ற தமிழில் எழுதிக் கொடுத்தவரும் பாண்டுரங்கன்தான்.

“சார், புதன்கிழமையிலேருந்து எனக்கு ஒண்ணு இடிச்சிகினே இருக்குது” என்றாள் பிரபாவதி. “திருடுனவ, திருடுன வீட்டுக்கே அத எடுத்துகினு வருவாளா? வெளிய போறப்ப பையில இருந்தா திருட்டு. உள்ள வர்றப்ப இருந்தா என்னா?”

“பயந்துபோய்த் திரும்ப வைக்க வந்தாள் என்று நினைத்தேன்.”

“நெனச்சீங்க. சரி. இந்தப் புக்க வெச்சிட்டுப் போனவரு யாருன்னு நெனக்கிறீங்க? கைலியும் தோள்ல துண்டும். கையெல்லாம் கரும்புச் சோகை கிழிச்ச கோடு.”

பாண்டுரங்கன் எழுந்தார். “திண்டிவனம் போகலாம். அந்த முத்திரை குத்தியவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்போம்.”

“நாப்பது கிலோமீட்டரு. புதன்கிழமையே போயிருக்கலாம்” என்றபடி அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

* * *

மாசிலாமணி உயிரோடுதான் இருந்தார். திண்டிவனம் மேம்பாலத்தின் இறக்கத்தில், மகனுடைய கைப்பேசிக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்து, செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை படித்துக்கொண்டிருந்தார். பாண்டுரங்கன் தம்மை அறிமுகம் செய்துகொண்டு குறுக்கெழுத்து இதழைக் கொடுத்ததும், முத்திரையைப் பார்த்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அய்யய்யே! இது இன்னும் இருக்குதா? இது என் கை பண்ண தப்பு சார். அன்னிக்கு ஜூலை ஒண்ணாந்தேதி. மொத நாளு முத்திரைல முப்பது இருந்துச்சா? தூக்கக் கலக்கத்துல தேதிப் பட்டைய ஒரு பல்லு தள்ளினேன், முப்பத்தொண்ணு ஆயிடுச்சி. மாசத்த மாத்தவே இல்ல. குத்து குத்துன்னு குத்திட்டேன். டீ குடிக்க உக்காந்தப்பதான் பாத்தேன்.”

“எத்தனை பிரதியில் குத்தினீங்க?”

“அன்னிக்கு வந்த அத்தினி கட்டும்தான். எரநூறு, முந்நூறு இருக்கும்.”

“‘வெள்ளிக் கழுகு’ முதல் இதழ்?”

“அதுவும் ஒரு கட்டு வந்துச்சி. நாப்பதுக்குக் கொறையாது.”

பாண்டுரங்கனுக்குக் காது சூடேறியது. “உலகத்திலேயே ஒன்றுதான் என்று விழுப்புரத்தில் ஒருவர் சொல்லிவருகிறாரே.”

“மீதியெல்லாம் பசங்க படிச்சிட்டுக் கிழிச்சிருப்பானுங்க, கடையில மல்லாட்டப் பொட்டலம் மடிச்சிருப்பானுங்க. அவருகிட்ட ஒண்ணு தங்கிச்சி, அவ்ளோதான். என்னிய வந்து ஒரு வார்த்த கேட்டாரா? நான் என்னா செத்தா போயிட்டேன்?”

“கேக்க வேண்டிய எடத்துல யாரும் கேக்கறதில்ல ஐயா” என்றாள் பிரபாவதி, பாண்டுரங்கனைப் பார்க்காமல். “இந்த ஓரத்துல நாலு வெட்டு இருக்குதே, எலியா?”

“எலி இல்லம்மா, கயிறு. கட்ட நெடுக்காவும் குறுக்காவும் இறுக்கிக் கட்டி ரயில்ல ஏத்துவான். மேல இருக்கற புக்குலயும் அடியில இருக்கற புக்குலயும் கயிறு நாலு பக்கமும் வெட்டிடும். அத எவன் காசு குடுத்து வாங்குவான்? கயித்துப் புக்குன்னு சொல்லுவோம். ஸ்டேஷன்லேருந்து கட்டு தூக்கினு வர்ற ஆளுக்கு அது. எல்லா ஏஜெண்டுகிட்டயும் அதான் வழக்கம்.”

“உங்களுக்குக் கட்டு தூக்கிவந்தது யார்?” பாண்டுரங்கனுக்கு விடை தெரியும். தெரிந்தே கேட்டார்.

“ராயப்பன். ஒலக்கூர்ப் பக்கம். அத்தினி கட்டையும் சைக்கிள் கேரியர்ல வெச்சிகினு பறந்து வருவான். வந்ததும் வேர்வையக்கூடத் தொடைக்க மாட்டான். இதோ, இந்தப் படியில குந்திகினு கயித்துப் புக்கப் படிச்சி முடிச்சிட்டுதான் எழுந்திருப்பான்.”

மூட்டை தூக்கினவர் வீட்டுக்குக் காமிக்ஸ் எப்படி வரும்?

மூட்டை தூக்கியதனால்தான் வந்தது.

பாண்டுரங்கன் கைப்பேசியை எடுத்து, புதன்கிழமை அமலாவின் பையிலிருந்து எடுத்ததும் தாமே பிடித்துவைத்த படத்தைத் தேடினார். கைப்பற்றும் எதையும் அங்கேயே படம் பிடித்துக்கொள்வது அவருடைய ஒழுங்கு. படத்தில் ‘வெள்ளிக் கழுகு’ நேராகக் கிடந்தது. மேலே ஒரு வெட்டு, கீழே ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. படத்துக்கு அடியில் அவர் எழுதிவைத்த குறிப்பு: ‘பூச்சி அரித்த ஓரம், முக்கியமில்லை.’

பிரபாவதி எட்டிப் பார்த்தாள். குறிப்பையும் படித்தாள். ஏதேனும் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

* * *

ஒலக்கூரைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில், மாதா படம் பதித்த கதவுள்ள வீடு ராயப்பனுடையது. அவர் வாசலில் நின்று அரிவாளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவரை ஏற இறங்கப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை.

“அமலா இருக்கிறாளா?”

“போயிட்டா. கையெழுத்து போடத்தான் போயிட்டா. ஒரு மணி பஸ்ஸு. போனு வாணாம்னு வெச்சிட்டுப் போயிட்டா. ஊரெல்லாம் அதுல என்னான்னமோ அனுப்பிகினு இருக்கான்.”

“செய்யாத தப்பை ஒப்புக்கொண்டா?”

“கேஸுன்னு வந்தா வேல போயிடும்னு பயந்துகினா. ரெண்டு நாளா சோறு திங்கல. நான் போவாதடின்னேன். ‘அப்பா, பெரிய துப்பறியறவரு சொல்லிட்டாரு, இனிமே யாரு நம்புவா’ன்னு கேக்கறா. நான் என்னான்னு பதில் சொல்றது?”

பாண்டுரங்கன் தரையைப் பார்த்தார். பிரபாவதி முந்திக்கொண்டாள். “காலைல ஆபீசுக்கு வந்தீங்களே அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“நான் சொன்னா கேட்டிருப்பாரா? புக்கு சொன்னா கேப்பாருன்னு வெச்சிட்டு வந்தேன்.”

அவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை இழுத்துவந்தார். திறந்ததும் நாப்தலீன் வாசம் முகத்தில் அடித்தது. ஐம்பது அறுபது இதழ்கள், அளவு வாரியாக அடுக்கி, வேட்டித் துணியில் சுற்றியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நான்கு வெட்டுகள். வெட்டு இல்லாத ஒரு புத்தகம்கூட இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஒன்றையும் அவர் எடுத்துக்கொண்டதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

“இதெல்லாம் நீங்க படிச்சதா?” என்று கேட்டுவிட்டுப் பாண்டுரங்கன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராயப்பன் அரிவாளைக் கீழே வைத்தார். “எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்ககிட்ட யாரு சார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. பாண்டுரங்கன் தாமாகவே எழுதிக்கொண்ட வரி அது. ஐம்பத்தெட்டு வயதில், இருபது ஆண்டுத் தொழில் அனுபவத்தில், சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றாத வரி.

“செவ்வாய்க்கிழம சாயங்காலம் அந்தய்யா போன் பண்ணாரு” என்று தொடர்ந்தார் ராயப்பன். “அமலா குளிச்சிகினு இருந்தா. நான்தான் எடுத்தேன். ‘உங்க வீட்டுல இருக்கற வெள்ளிக் கழுக நாளைக்கு மறக்காம குடுத்தனுப்புப்பா, ஒரு தபா பாத்துட்டுத் தர்றேன்’னாரு. நான்தான் பிளாஸ்டிக் கவர்ல போட்டு அவ பையில வெச்சேன்.”

பிரபாவதி விரலை மடக்கினாள். “சார், பொண்ணு கொண்டாந்தது இவங்க வீட்டுது. சரி. அப்ப அவருதுன்னு சொன்னாரே, அது எங்க போச்சி? அத யாரு திருடினா?”

பாண்டுரங்கன் மீண்டும் கைப்பேசியை எடுத்தார். காலையில் இருமுறை ரசித்த பாராட்டுப் படத்தை விரல்களால் அகட்டிப் பெரிதாக்கினார். தம் முகத்தை விலக்கி, சுப்பராயலுவின் கைகளுக்கு நகர்த்தி, அங்கேயே வெகுநேரம் நிறுத்தினார்.

“மணி என்ன?”

“ரெண்டே கால்.”

“வண்டியை எடு. எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போ.”

“வர்றப்பவே வண்டி அழுதுகினுதான் வந்துச்சி. பின்னாடி ரெண்டு ஆளு வெயிட்டுக்கு நீங்க உக்காந்துகினு ஜல்தி, ஜல்தின்னா?” என்றாள் பிரபாவதி. ஆனால் அதற்குள் அவள் தலைக்கவசத்தை மாட்டியிருந்தாள்.

* * *

அவர்கள் உள்ளே நுழைந்தபோது நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. சுப்பராயலு வீட்டின் கூடத்தில் சுவர்தோறும் கண்ணாடி அலமாரிகள். நடுவில் எட்டு உறுப்பினர்களும் வடையைக் கடித்தபடி அமர்ந்திருந்தார்கள். கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களைப்போல் சிலர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்கள். அமலா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். எதிரே மேசையில் பாண்டுரங்கனின் கடிதம். அவள் கையில் பேனா.

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துகினு இருக்கோம்” என்றார் சுப்பராயலு.

“கையெழுத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை ஒருமுறை பார்க்கலாமா? எல்லாரும் பார்க்கட்டும்.”

சுப்பராயலுவுக்கு இதைவிட இனிப்பான வேண்டுகோள் இருக்க முடியாது. வெள்ளைக் கையுறை மாட்டி, நடு அலமாரியைத் திறந்து, ‘வெள்ளிக் கழுகு’ முதல் இதழை ஒரு பட்டுத் துணியின்மேல் வைத்தார்.

“சிங்காரம் சார்” என்று மூத்த உறுப்பினரை அழைத்தார் பாண்டுரங்கன். “ஓரங்களைப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்லுங்க.”

மரக்காணத்திலிருந்து வந்திருந்த சிங்காரம் குனிந்து பார்த்தார். “கத்தி மாதிரி இருக்கு. நேத்து அச்சடிச்சாப்ல. ஒரு சின்ன மடிப்புகூட இல்ல.”

“புதன்கிழமை இந்தப் பெண்ணின் பையிலிருந்து எடுத்த புத்தகத்தை, உங்கள் எல்லார் முன்னிலையிலும் இவர் கையில் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் நான் பிடித்த படம் இது.”

கைப்பேசி கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொரு கையிலும் சற்று நேரம் நின்றது. வடையைக் கடிக்கும் ஓசை ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

“நாலு பக்கமும் வெட்டு இருக்கே” என்றார் சிங்காரம்.

“இருக்கிறது. ரயிலில் வந்த கட்டின் கயிறு அறுத்த வெட்டு. இதில் அது இல்லை. காகிதத்தில் விழுந்த வெட்டு இரண்டே நாளில் ஆறாது. ஆக, நான் கொடுத்த புத்தகம் இது இல்லை. சுப்பராயலு சார், அலமாரியில் இருக்கும் இந்தப் புத்தகம் எங்கிருந்து வந்தது?”

“அது... அதாவது...”

“அதாவது, அது எங்கயும் போகவே இல்ல” என்றாள் பிரபாவதி. “வீட்டுக்குள்ளயே வெச்சிகினு வர்றவங்க பையெல்லாம் தேடச் சொன்னீங்க. நல்ல வேள, எங்க சாரு உங்க பைய மட்டும் தொறந்து பாக்கல. மரியாத!”

சுப்பராயலு உரக்க ஆரம்பித்தார். மானநஷ்ட வழக்கு என்றார், யார் வீட்டில் நின்று பேசுகிறீர்கள் என்றார். பாண்டுரங்கன் அவரை முடிக்க விட்டுப் பிறகு சொன்னார்:

“பட்டியல் தட்டச்சு செய்தபோது இந்தப் பெண் உங்களிடம் என்ன சொன்னாள்? ‘இதே மாதிரி எங்க வீட்டுல ஒண்ணு இருக்குது’ என்றாளா?”

“சொன்னேன் சார்” என்றாள் அமலா. பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. “போன வாரம் சொன்னேன். ஐயா சந்தோஷப்படுவாருன்னு நெனச்சிதான் சொன்னேன்.”

“முப்பது வருஷமாக ‘ஒன்றே ஒன்று’ என்று சொல்லிவந்தவருக்கு இரண்டாவது ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் கொடுத்தால் அது ராயப்பன் கொடுத்த புத்தகம், அப்போதும் இரண்டுதான். அதனால் அதைத் தம்முடைய புத்தகமாகவே ஆக்கிவிட்டார். இந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் ராயப்பன் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்ததே இல்லை. ஒரு தவறு மட்டும் செய்தார். கயிறு வெட்டிய பிரதியைக் கண்ணாடிக்குள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.”

சுப்பராயலு நாற்காலியில் சரிந்து அமர்ந்தார். கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். “எரிச்சிடலாம்னுதான் இருந்தேன்” என்றார். “கை வரல. காமிக்ஸாச்சே... பீரோவுல, புடவைக்கு அடியில இருக்கு.”

பிரபாவதி அந்த வீட்டு அம்மாளுடன் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தாள். மேலே ஒரு வெட்டு, கீழே ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. அமலா வாங்கி, உறைக்குள் முத்திரையைப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பேனாவை மேசையில் வைத்தாள்.

துப்பறியும் நிபுணர்கள் இந்த இடத்தில் புன்னகை செய்வது வழக்கம். பாண்டுரங்கனால் முடியவில்லை. சுப்பராயலு பொய் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பொய்க்கு அவர் ஏன் பாண்டுரங்கனைத் தேடிப் பிடித்தார்? திண்டிவனம்வரை போய் ஒரு கேள்வி கேட்க மாட்டார் என்று தெரிந்துதானே? மூட்டை தூக்குபவர் மகள் என்றால் மேற்கொண்டு யோசிக்க மாட்டார் என்று தெரிந்துதானே? அந்தக் கணக்கில் மட்டும் சுப்பராயலு சற்றும் பிசகவில்லை.

பாண்டுரங்கன் அமலாவின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, தப்பு என்னுடையது. மன்னிக்கணும்.”

அமலா நிமிர்ந்து பார்த்தாள். “அன்னிக்குக் கத்திச் சொன்னீங்க சார். இப்ப மெதுவாச் சொல்றீங்க.”

பாண்டுரங்கன் திரும்பி எட்டுப் பேரையும் பார்த்து நின்றார்.

“புதன்கிழமை இதே வீட்டு வாசலில் இந்தப் பெண்ணைத் திருடி என்றேன். அது பொய். அவளுடைய அப்பாவின் தொழிலைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். கேட்டது நான், அதனால் வெட்கம் முதலில் எனக்கு. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னேன். எல்லாருக்கும் எழுதி அனுப்புகிறேன், என் பெயரைப் போட்டு.”

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களுள் ஒருவர் தேவையில்லாமல் வேட்டியைச் சரிசெய்தார். கதவருகில் நின்ற பிரபாவதி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க சொல்லிட்டீங்க” என்றாள் அமலா. “எங்க தெருவுல யாரு சார் சொல்றது? எங்கப்பா நாளைக்கு அந்த வழியாத்தான கரும்பு வெட்டப் போவணும்? டீக்கடையில குந்தறாரு, நாலு பேரு எழுந்து போறான். எழுதி அனுப்பினா அவன் படிப்பானா? திருடின்னு வந்தத மட்டும்தான் எல்லாம் படிச்சான்.”

பாண்டுரங்கன் அந்த டீக்கடையை நினைத்துப் பார்த்தார். மதியம் அதைக் கடந்துதான் ஸ்கூட்டர் போனது. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரில், இன்று மாலை, கைலி கட்டிய ராயப்பன் பக்கத்தில் நிற்க, இதே சொற்களைச் சொல்ல வேண்டும்.

“எப்போது வர வேண்டும்?”

“இப்பவே வாங்க. நாலரை பஸ்ஸுல போறேன்.”

“சார், நான் வண்டியில கொண்டுபோயி வுடட்டா?” என்று கேட்டாள் பிரபாவதி. குரலில் கேலி இல்லை.

“வேண்டாம்மா. அவள் போகும் பேருந்திலேயே போகிறேன்.”

திண்டிவனம் பேருந்தில் கூட்டம் குறைவு. அமலா இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்து, பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நடத்துநர் வந்தார். பாண்டுரங்கன் சட்டைப் பையில் கைவிட்டு, “ரெண்டு” என்று தொடங்கினார்.

“எனக்கு நான் எடுத்துக்கறேன்” என்றாள் அவள், சன்னலைப் பார்த்தபடி.

அவர் தமக்கு ஒரு சீட்டு வாங்கினார். பேருந்து நிலையத்தை விட்டு வெளியேறி வண்டி வேகமெடுத்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. பின்னால் இன்னும் நான்கைந்து காலியாக இருந்தன. “உக்காருங்க சார், திண்டிவனம் வரைக்குமா நிப்பீங்க?” என்றார் நடத்துநர்.

பாண்டுரங்கன் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, திண்டிவனம்வரை நின்றே போனார்.